இலையுதிர்ந்த மரம் பட்ட மரமன்று



இறந்து கிடக்கும் பூமியை மழையால் உயிர்ப்பிக்கும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும் உரித்தாகுக. அகிலத்தாருக்கு அருட்கொடையாக வந்த அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

மாசி, பங்குனி மாதங்களில் நம் ஊர்களில் நிற்கும் மரங்களைக் கவனித்திருப்பீர்கள். வேம்பு தன் பழுத்த இலைகளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். புங்க மரத்தடியில் எவ்வளவு கூட்டினாலும் சருகு குறையாது. அரச மரம் எலும்புக்கூடு போல வானத்தை நோக்கிக் கிளைகளை நீட்டி நிற்கும். அப்போது எவரேனும் கோடரி எடுத்துக்கொண்டு வந்து, "இம்மரம் செத்துவிட்டது, வெட்டிவிடலாம்" என்று சொல்வதுண்டா? இல்லை. சில நாட்களில் செம்பு நிறத்தில் தளிர் விடும் என்பதும், சித்திரையில் வேப்பம்பூ முற்றமெங்கும் கொட்டிக் கிடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே பொறுத்திருக்கிறோம்.

மரத்தின் விஷயத்தில் இத்துணைப் பொறுமை காட்டும் நாம், மனிதர்களின் விஷயத்தில் எவ்வாறு நடந்துகொள்கிறோம்? தேர்வில் தோற்ற மகனைப் பார்த்து, "நீ இனி உருப்பட மாட்டாய்" என்கிறோம். கடனில் மூழ்கிய சகோதரனைக் கண்டால், "அவன் கதை முடிந்தது" என்கிறோம். பல ஆண்டுகள் தொழுகையை விட்டுவிட்டவர், "இனி எனக்கு எங்கே மன்னிப்பு?" என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார். இலையுதிர்ந்த மரத்தைப் பட்ட மரம் என்று எண்ணி வெட்டுவதற்கு ஒப்பான செயலன்றோ இது? வசந்த காலம் நமக்குக் கற்பிக்கும் ஈமானியப் பாடத்தை இந்த ஜுமுஆ உரையில் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

அருள்மறை காட்டும் அத்தாட்சி

மறுமையில் மனிதன் மீண்டும் எழுப்பப்படுவான் என்பதை மக்கத்துக் குறைஷிகள் நம்ப மறுத்தார்கள். மக்கிப்போன எலும்புகள் மீண்டும் உயிர் பெறுமா என்று ஏளனம் செய்தார்கள். அவர்களுக்குத் திருக்குர்ஆன் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிய சான்றுகளுள் ஒன்று அவர்கள் காலடியில் கிடந்த வறண்ட பூமியேயாகும். அல்லாஹ்வின் அருளுடைய அடையாளங்களைப் பாருங்கள், பூமி இறந்த பின் அதனை அவன் எவ்வாறு உயிர்ப்பிக்கிறான் என்று பாருங்கள், அவ்வாறே இறந்தோரையும் உயிர்ப்பிப்பான் என்று அர்ரூம் அத்தியாயம் நம் கண்களைத் திறக்கிறது (30:50). அல்ஹஜ் (22:5), ஃபாத்திர் (35:9), யாஸீன் (36:33), ஹாமீம் ஸஜ்தா (41:39) ஆகிய அத்தியாயங்களிலும் இதே அத்தாட்சி கூறப்படுகிறது.

இவ்வசனங்களுள் ஒரு நுணுக்கம் உண்டு. மனிதர்கள் நம்பிக்கையிழந்து போன பின்னர் மழையை இறக்கித் தன் அருளை விரிப்பவன் அல்லாஹ் என்கிறது அஷ்ஷூரா அத்தியாயம் (42:28). நம்பிக்கை இழந்தது மனிதன். மழை இறங்காமல் நின்றுவிடவில்லை. நம் நிராசை அல்லாஹ்வின் அருளுக்கு வரம்பு கட்டிவிட முடியாது என்பதை இவ்வசனம் உணர்த்துகிறது.

இன்னோர் இடத்தில் பூமியின் உயிர்ப்பு, மறுமைக்கு மட்டுமன்றி மனித உள்ளத்துக்கும் உவமையாகிறது. அல்ஹதீத் அத்தியாயத்தின் 16ஆம் வசனம், இறைநினைவுக்கு உள்ளங்கள் பணியும் நேரம் இன்னும் வரவில்லையா என்று ஈமான் கொண்டோரைக் கேட்கிறது. காலம் நீண்டதால் உள்ளம் இறுகிப்போன முன்னைய சமுதாயத்தாரை நினைவூட்டுகிறது. அதற்கு அடுத்த வசனமே, பூமி இறந்த பின் அல்லாஹ் அதனை உயிர்ப்பிக்கிறான் என்பதை அறிந்துகொள்ளுங்கள் என்று கூறுகிறது. இறுகிய உள்ளத்தைப் பற்றிப் பேசிய உடனே ஏன் பூமியைப் பற்றிப் பேச வேண்டும்? வறண்ட நிலத்தை மழையால் உயிர்ப்பிப்பவன், இறுகிய உள்ளங்களையும் நேர்வழியால் இளக்குவான் என்பதற்கான குறிப்பு இதில் இருப்பதாகத் திருக்குர்ஆன் விரிவுரையாளர் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் விளக்கம் தருகிறார்கள்.

'ரபீஉ' என்னும் சொல்

அரபு மொழியில் வசந்தத்துக்கு 'ரபீஉ' என்று பெயர். பாலைவாசிகளான அரபிகள், அப்பருவத்தில் பெய்யும் மழையையும், அதனால் முளைக்கும் பசும்புல்லையும்கூட இச்சொல்லாலேயே குறித்தார்கள். ஒட்டகமும் ஆடும் அவர்களின் வாழ்வாதாரமாக இருந்தன. புல் முளைத்தால் கால்நடைக்குத் தீவனம். கால்நடை கொழுத்தால் குழந்தைக்குப் பால். எனவே ரபீஉ என்பது அவர்களுக்குக் கண்ணுக்கு விருந்தாக மட்டும் இருக்கவில்லை. உயிர் பிழைப்பதற்கான வழியாகவே இருந்தது.

நம் ஹிஜ்ரி ஆண்டிலும் ரபீஉல் அவ்வல், ரபீஉல் ஆகிர் என இரு மாதங்கள் இப்பெயரைத் தாங்கியுள்ளன. சந்திர ஆண்டு 354 அல்லது 355 நாட்களைக் கொண்டது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே இம்மாதங்கள் ஒரே பருவத்தில் நிற்பதில்லை. சுமார் 33 ஆண்டுகளில் கோடை, மழை, பனி என எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகின்றன. வசந்தம் என்று பெயர் பெற்ற மாதம் கடுங்கோடையிலும் வரும். கொட்டும் மழையிலும் வரும். முஃமினின் உள்ளத்துக்கு உரிய வசந்தமும் அத்தகையதே. அது வானிலையைப் பார்த்து வருவதில்லை.

கவலையும் துயரமும் சூழ்ந்தவர் ஓதுவதற்கென அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒரு துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த துஆ முஸ்னத் அஹ்மதில் இடம்பெற்றுள்ளது. குர்ஆனை என் உள்ளத்தின் வசந்தமாக ஆக்குவாயாக என்று அதில் அடியான் தன் இறைவனிடம் கேட்கிறான். அந்த இடத்தில் வரும் சொல்லும் இதே 'ரபீஉ' தான். துயரத்தில் இருப்பவர் கேட்க வேண்டியது வசந்தத்தை என்பதும், அந்த வசந்தம் இறைவேதத்தில் இருக்கிறது என்பதும் இதிலிருந்து விளங்குகின்றன.

குளிரில் உருவாகும் மலர்

நம் நாட்டில் நான்கு பருவங்களும் தெளிவாகப் பிரிந்து வரும் பகுதிகளுள் காஷ்மீர் ஒன்று. அங்கே டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி நாற்பது நாட்கள் நீடிக்கும் கடுங்குளிர்க் காலத்துக்குச் 'சில்லாய் கலான்' என்று பெயர். அதன் பின்னர் இருபது நாட்கள் 'சில்லாய் குர்த்'; அதற்கும் பின்னர் பத்து நாட்கள் 'சில்லாய் பச்சா'. இந்த எழுபது நாட்களில் குழாய்களில் தண்ணீர் உறைந்துவிடும். தால் ஏரியின் ஓரங்களில் பனிக்கட்டி படரும். பள்ளத்தாக்கின் ஆப்பிள், வாதுமை மரங்கள் அனைத்தும் ஓர் இலைகூட இன்றி நிற்கும். வெளியூர்க்காரர் ஒருவர் அத்தோட்டங்களைப் பார்த்தால் எல்லாம் எரிந்துபோனதாகவே எண்ணுவார்.

மார்ச் மாதம் வந்ததும் ஸ்ரீநகரின் பாதாம்வாரித் தோட்டத்தில் வாதுமை மரங்கள் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் குலுங்கும். இலை வருவதற்கு முன்பே பூ வந்துவிடும். குளிரில் ஒடுங்கிக் கிடந்த மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே வந்து அமர்வார்கள்.

அந்தப் பூ எப்போது உருவானது? மார்ச் மாதத்தில் என்று நாம் நினைக்கிறோம். தாவரவியலாளர்கள் சொல்வது வேறு. வாதுமை, ஆப்பிள் போன்ற மரங்களில் அடுத்த ஆண்டுக்கான பூ மொட்டுகள் முந்தைய கோடையிலேயே தோன்றத் தொடங்கிவிடுகின்றன. இலைகள் உதிரும்போது அம்மொட்டுகள் செதில்களால் மூடப்பட்டுக் கிளைகளில் உறங்குகின்றன. அதாவது மரம் மொட்டையாக நிற்கும் நாட்களில், வரப்போகும் வசந்தம் முழுவதும் அதன் மேனியிலேயே இருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

அதுமட்டுமன்று. அம்மொட்டுகள் விழித்தெழுவதற்குக் குளிரே தேவைப்படுகிறது. ஆப்பிள் இனங்கள் பலவற்றுக்கு 7 பாகை செல்சியசுக்கும் குறைவான குளிரில் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் கழிந்தாக வேண்டும். குளிர் போதாத ஆண்டுகளில் பூக்கள் ஒழுங்கின்றிப் பூக்கும், விளைச்சல் குறையும். மாறாக, குளிர்காலம் முடிவதற்குள் இதமான வெயிலைக் கண்டு அவசரப்பட்டு மலர்ந்த பூக்களோ, பின்னால் வரும் உறைபனியில் கருகிவிடும்.

சிந்தித்துப் பாருங்கள், சகோதரர்களே! எந்தக் குளிர் மரத்தைக் கொன்றுவிட்டதாக நாம் கருதினோமோ, அதுவே அதன் மலர்ச்சிக்கு அல்லாஹ் வைத்த ஏற்பாடாக இருக்கிறது. சோதனையும் ஸப்ரும் அத்தகையனவே. நிச்சயமாகத் துன்பத்துடன் இலகு இருக்கிறது என்று அஷ்ஷரஹ் அத்தியாயம் இருமுறை வலியுறுத்துவதும் (94:5-6) இதனையே. துன்பத்துக்குப் பின்னால் என்றல்ல, துன்பத்துடனேயே என்றுதான் அங்கே கூறப்பட்டுள்ளது.

ஈராயிரம் ஆண்டு உறங்கிய விதை

சாக்கடலுக்கு அருகில் மஸாதா என்னும் பழங்காலக் கோட்டை உள்ளது. 1960களில் அங்கே நடந்த அகழாய்வில் பேரீச்சங்கொட்டைகள் சில கிடைத்தன. அவை ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழைமையானவை. நீண்ட காலம் ஆய்வாளர்களின் பாதுகாப்பில் கிடந்த அக்கொட்டைகளுள் சில 2005ஆம் ஆண்டு மண்ணில் ஊன்றப்பட்டன. அவற்றுள் ஒன்று முளைத்தது; மரமாக வளர்ந்தது. அது ஆண் மரம். பின்னர் அவ்வட்டாரத்தில் கிடைத்த வேறு பழங்கொட்டைகளிலிருந்து முளைத்த பெண் மரம் ஒன்று, இந்த ஆண் மரத்தின் மகரந்தத்தைப் பெற்று 2020இல் பழம் தந்தது.

அண்ணலார் (ஸல்) அவர்கள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே காய்ந்துவிட்ட கொட்டை அது. அரசுகள் பல தோன்றி மறைந்தன. அக்கொட்டைக்குள் உயிரைப் பாதுகாத்து வைத்திருந்தவன் யார்? வித்துகளையும் கொட்டைகளையும் பிளந்து முளைக்கச் செய்பவன் அல்லாஹ்வே என்று அல்அன்ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது (6:95). ஈராயிரம் ஆண்டுகள் காய்ந்த கொட்டையை மறவாதவன், இருபது ஆண்டுகள் காய்ந்த உள்ளத்தை மறந்துவிடுவானா?

பேரீச்ச மரத்தடியில் ஓர் அன்னை

நல்லோருக்கும் துயரம் வரும். அவர்களும் கண்ணீர் விடுவார்கள். யஅகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் அழுது அழுது கண்கள் வெளுத்துப்போனார்கள். ஆயினும் அதே வாயால் தம் பிள்ளைகளிடம், சென்று யூஸுஃபைத் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று கூறினார்கள் (12:87). அழுகை நபித்துவத்துக்கு முரணன்று. நிராசைதான் ஈமானுக்கு முரண். அழுதுகொண்டே தேடச் சொன்னார்களே, அதுதான் நம்பிக்கை.

மர்யம் (அலை) அவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தனிமை, பிரசவ வேதனை, ஊராரின் பழிச்சொல் பற்றிய அச்சம். பேரீச்ச மரத்தின் அடியில் சாய்ந்து, இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா என்று அவர்கள் வாய்விட்டுப் புலம்பியதைத் திருக்குர்ஆன் மறைக்கவில்லை (19:23). அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவும் இல்லை. கவலைப்படாதீர் என்ற ஆறுதலும், காலடியில் ஓடும் நீரும், உலுக்கினால் உதிரும் கனிந்த பழமும் அவர்களுக்குக் கிடைத்தன. உண்ணுவீராக, பருகுவீராக, கண் குளிர்வீராக என்று பரிவோடு சொல்லப்பட்டது.

உயிரே வேண்டாம் என்று நொந்து நிற்கும் ஒருவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இது இறைவன் கற்பிக்கும் ஒழுக்கம். முதலில் உணவு, நீர், ஆறுதல். அறிவுரையும் விசாரணையும் பிறகு.

நகத்தால் கீறிப் பாருங்கள்

தோட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இலையின்றி நிற்கும் கிளை உயிரோடு இருக்கிறதா என்று ஐயம் வந்தால், அதன் பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் வெட்ட மாட்டார்கள். வேருக்குத் தண்ணீர் விடுவார்கள்.

பெற்றோர்களே! ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் இளம் உயிர்கள் மாய்த்துக்கொள்ளப்படும் செய்திகளைக் கண்ணீரோடு படிக்கிறோம். அப்பிள்ளைகளில் பலர் மதிப்பெண்ணுக்கு அஞ்சியதைவிட, வாப்பாவின் முகத்தைப் பார்க்க அஞ்சியிருக்கக் கூடும். முடிவு வெளியாகும் நாளில் உங்கள் பிள்ளைக்கு நீங்கள் சொல்லும் முதல் சொல் என்னவாக இருக்கும் என்பதை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். "வா, முதலில் சாப்பிடு" என்று உம்மா சொல்லும் ஒரு சொல், ஓர் உயிரைக் காக்கும் ஸதகாவாக அமையலாம்.

தவறான பழக்கத்தில் விழுந்த மகனிடம் இன்னும் வெட்கம் இருக்கிறதா? உங்களைக் கண்டால் தலை குனிகிறானா? அதுவே பச்சை. வெளிநாட்டு வேலையை இழந்து திரும்பிய சகோதரர், கடன்காரரைக் கண்டு ஒளிந்தாலும், கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நெஞ்சை அரிக்கிறதா? அதுவே பச்சை. கணவனை இழந்த பெண், பிள்ளைகளுக்காக அடுப்பைப் பற்ற வைக்கிறாளா? தொழாதவர், பாங்கு ஒலிக்கும்போது பேச்சை நிறுத்துகிறாரா? அவையெல்லாம் பச்சையே. அங்கே தண்ணீர் விடுங்கள். தங்களுக்குத் தாங்களே அநீதி இழைத்துக்கொண்டவர்களையும் என் அடியார்களே என்று அழைத்து, என் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள், எல்லாப் பாவங்களையும் மன்னிப்பேன் என்னும் கருத்தில் அல்லாஹ் வாக்களிக்கிறான் (39:53). அவன் மூடாத கதவை மூடுவதற்கு நாம் யார்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உறக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே சுமையாகி, இறந்துவிடலாம் என்ற எண்ணம் ஒருவரை வாட்டுமானால் அது ஈமானின் குறைவு என்று ஏசிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மனச்சோர்வும் ஒரு நோயே. எந்த நோயையும் மருந்தின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபிமொழி (புகாரி). மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள். தமிழகத்தில் 104 என்ற எண்ணிலும், இந்தியா முழுவதற்கும் உரிய 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை பெறலாம். மருந்தும் துஆவும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

நாம் செய்ய வேண்டியவை

வசந்தத்தை நம்பி உழவன் கைகட்டி உட்காருவதில்லை. மழை இறங்கினாலும் நல்ல நிலமே நன்கு விளையும். கெட்ட நிலம் அற்பமாகவே விளையும் என்று அல்அஃராஃப் அத்தியாயம் எச்சரிக்கிறது (7:58). பிரசவ வேதனையில் இருந்த மர்யம் (அலை) அவர்களிடமும் மரத்தை உலுக்கும்படிதான் சொல்லப்பட்டது. நிலத்தைப் பண்படுத்துவது நம் பொறுப்பு. மழை அவன் அருள்.

ஆகவே தவ்பாவைத் தள்ளிப்போடாதீர்கள். பல ஆண்டுத் தொழுகையை எண்ணி மலைத்து நிற்பவர், இன்றைய அஸருக்கு உளூச் செய்யட்டும். நாள்தோறும் ஒரு பக்கமேனும் குர்ஆனைப் பொருளுணர்ந்து ஓதும் பழக்கம் வீட்டில் வரட்டும். பேச்சு முறிந்துபோன உறவினரின் வாசலுக்கு ஒருவர் முதலில் செல்லட்டும். கடனில் இருப்பவருக்கு அவகாசம் கொடுங்கள். அது திருக்குர்ஆனின் கட்டளை (2:280).

இயன்றவர்கள் ஒரு மரக்கன்று நடுங்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் நவின்றார்கள் (புகாரி, முஸ்லிம்). கையில் கன்று இருக்கும்போது மறுமை நாளே வந்துவிட்டாலும், முடிந்தால் அதனை நட்டுவிடும்படி அண்ணலார் கூறியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (அஹ்மத்). உலகமே முடியும் வேளையில் நடப்படும் கன்றின் நிழலில் யார் அமரப் போகிறார்கள்? ஆயினும் நடு என்கிறது மார்க்கம். விளைவை அல்லாஹ்விடம் விட்டுவிட்டுக் கடமையைச் செய்பவனிடம் நிராசை நெருங்குவதில்லை.

வசந்தமும் நிலையானதன்று என்பதையும் மறந்துவிடக் கூடாது. மழையால் பசுமையாகிப் பின்னர் மஞ்சளித்துச் சருகாகும் பயிருக்கு இவ்வுலக வாழ்வை அல்ஹதீத் அத்தியாயம் ஒப்பிடுகிறது (57:20). துன்பம் வந்தால் நொறுங்காமலும், இன்பம் வந்தால் இறைவனை மறவாமலும் வாழ்வதே முஃமினின் நடுநிலை. சருகாகாத வசந்தம் சுவனத்தில்தான் உண்டு.

அடுத்த முறை ஓர் இலையுதிர்ந்த மரத்தைக் கடந்து செல்லும்போது சற்று நின்று பாருங்கள். நீங்கள் கைவிட்டுவிட்ட ஒருவரின் பெயர் நினைவுக்கு வரலாம். அது உங்கள் சொந்தப் பெயராகவும் இருக்கலாம். அவருக்காக அவ்விடத்திலேயே துஆச் செய்யுங்கள். வீடு திரும்பியதும் அவரிடம் ஒரு நல்ல சொல் பேசுங்கள்.

யா அல்லாஹ்! இறந்த பூமியை உயிர்ப்பிப்பது போல் எங்கள் உள்ளங்களை உயிர்ப்பிப்பாயாக! எங்கள் பிள்ளைகளை நிராசையிலிருந்து காப்பாயாக! கடனாலும் நோயாலும் தனிமையாலும் வாடுவோருக்கு உன் அருள் மழையைப் பொழிவாயாக! அருள்மறையை எங்கள் இதயங்களின் வசந்தமாக ஆக்குவாயாக! ஆமீன்.